இளம்பெண்களின் மார்பகக் கட்டியைத் தட்டிக்கழிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை மகளுக்கு வயது 24. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவந்த நாளில், வலது மார்பில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒரு மருத்துவமனையில், தொட்டுக்கூடப் பார்க்காமல், "பால் கட்டியிருக்கிறது, ஒத்தடம் கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதங்கள் கழித்து, வேறிடத்தில் ஊசி மூலம் திசு எடுத்துச் சோதித்த பிறகே அது தீங்கற்ற நார்க்கட்டி என்று தெரிந்தது. அதுவரை அவள் சரியாக உறங்கவில்லை.

முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவைதாம். விரல் பட்டதும் நழுவி ஓடும் நார்க்கட்டியே அவற்றில் மிகுதி. புற்றுநோய் அரிது என்றாலும் வரத்தான் செய்கிறது. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அது பால்கட்டு என்றே எண்ணப்பட்டுத் தாமதமாகக் கண்டறியப்படுவதும் உண்டு. எனவே மருத்துவர் கையால் பரிசோதிப்பது, ஸ்கேன், தேவையானால் திசுப் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது என்பதால், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயில் திசுவும் கட்டியும் ஒரே வெண்மையாகத் தெரியக்கூடும். அதனால்தான் அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் கதிர்வீச்சு இல்லை, பாலூட்டுவதை நிறுத்தவும் வேண்டியதில்லை.

அரசின் மார்பகப் பரிசோதனைத் திட்டம் 30 வயதில் தொடங்குவது, அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்காக. கட்டியோடு வந்து நிற்கும் 22 வயதுப் பெண்ணிடம் அந்த வரம்பைக் காட்டாமல், ஒரு திரைமறைவில் அமர்த்தி, செவிலியர் உடனிருக்கப் பரிசோதிக்குமாறு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்