காது புளித்தது பாட்டின் குற்றமா?

பழைய ராக் பாட்டுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் மகா ஜனங்களுக்கு,

வணக்கம். யாராவது ஒரு பாட்டை எடுத்துப் போட்டு 'பத்துக்கு எத்தனை?' என்று கேட்டதுமே வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் இதை வெளியாள் எழுதிய புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். கலையை எண்ணால் அளக்கலாமா என்று உபதேசம் பண்ணவும் வரவில்லை. தாராளமாக அளங்கள், சண்டையும் போடுங்கள், அதில் இருக்கிற சந்தோஷம் எனக்கும் தெரியும். என் மனக்குறை ஒன்றே ஒன்றுதான். திரும்பத் திரும்ப நீங்கள் எழுதுகிற அந்த ஒரு வரி: 'நல்ல பாட்டுதான், ஆனால் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அதனால் ஆறு.'

அந்த 'அதனால்' எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

'ஸ்டெயர்வே டு ஹெவன்' பேச்சு வரும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. இங்கிலாந்து ராக் குழுவான லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம், 1971 நவம்பர். எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும் பாட்டு. அமெரிக்காவில் அதைச் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, வெளியிடவே இல்லை. ஆனாலும் அங்கிருந்த எஃப்எம் நிலையங்கள் எட்டு நிமிடத்தையும் முழுசாகப் போட்டுப் போட்டு, காரில் ஏறினால் ஸ்டெயர்வே, இறங்கினால் ஸ்டெயர்வே என்று ஆக்கிவிட்டன. டெட்ராய்ட்டில் எழுபதுகளில் வளர்ந்த ஒருவர் 'போதும்டா சாமி' என்றால் அதில் நியாயம் இருக்கிறது. நமக்கு என்ன வந்தது? நம்மூர் எஃப்எம் எதிலாவது இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர் இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். இங்கே இதையெல்லாம் யாரோ பதிவு செய்து கொடுத்த கேசட்டிலும், அப்புறம் கம்ப்யூட்டரில் இறக்கிய எம்பி3-யிலும் தேடிப்பிடித்துக் கேட்டவர்கள்தானே நாம்? அமெரிக்கக்காரர்களின் சலிப்பைக் கடன் வாங்கி வந்து அதற்கும் சேர்த்து மார்க்கைக் குறைக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பாட்டை அவர்கள் முதன்முதலில் மேடையில் வாசித்தது 1971 மார்ச் 5, பெல்ஃபாஸ்ட் நகரத்தின் அல்ஸ்டர் ஹாலில். ஆல்பம் வெளிவர இன்னும் எட்டு மாதம் இருந்தது. கூட்டம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது என்றுதானே நினைப்போம்? தங்களுக்குத் தெரிந்த பாட்டு எப்போது வரும் என்று எல்லோரும் அலுத்துப்போய்க் காத்திருந்தார்கள் என்று பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். அன்றைக்குத் தெரியாத பாட்டு என்று அலுப்பு, இன்றைக்கு ரொம்பத் தெரிந்த பாட்டு என்று அலுப்பு. இரண்டுமே கேட்டவர்களின் நிலைமைதான், பாட்டு பாவம், அதே இடத்தில் இருக்கிறது.

சரி, பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போமா? தொடக்கத்தில் தனியாக ஒரு அக்கூஸ்டிக் கிட்டார். அதன்மேல் புல்லாங்குழல் மாதிரி கேட்கிறதே, அது ஜோன்ஸ் ரெக்கார்டர் என்கிற ஊதுகுழலை ஒன்றின்மேல் ஒன்றாக வாசித்து அடுக்கியது. டிரம்ஸ் எங்கே? வராது. நான்கு நிமிடம் தாண்டும்வரை ஜான் பான்ஹம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆளை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேசாமல் இருக்கச் சொல்வதற்கே ஒரு தைரியம் வேண்டும். அவர் உள்ளே வந்ததும் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுக்கும். ஸ்டூடியோவில் கூலிக்கு வாசிக்கிறவர்கள் செய்யவே கூடாத காரியம் இது, தாளம் ஓடக் கூடாது என்பது அங்கே பாலபாடம். கிட்டார் வாசித்த ஜிம்மி பேஜ் பல வருடம் அந்த வேலை பார்த்தவர், தெரிந்தேதான் அதை மீறினார். ஆறாவது நிமிடத்தை ஒட்டி, பன்னிரண்டு தந்திக் கிட்டார் கட்டியம் கூறுகிற மாதிரி சில அடிகள் வாசித்து நிற்க, சோலோ, அதாவது கிட்டாரின் தனி ஆவர்த்தனம், தொடங்குகிறது. அதை அவர் வாசித்தது மேடையில் தோளில் மாட்டியிருக்கும் அந்த இரட்டைக் கழுத்துக் கிட்டாரில் அல்ல, இன்னொரு கிட்டார்காரரான ஜெஃப் பெக் கொடுத்த பழைய டெலிகாஸ்டர் கிட்டாரில். இதில் எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி மார்க்கைக் குறையுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். பாட்டின் பிற்பாதி வரிகள் எங்கெங்கோ அலைகின்றன என்று சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து தலையாட்டுவேன்.

பாடிய ராபர்ட் பிளான்டே இந்தப் பாட்டைப் போடவிடாமல் தடுத்தவர்தானே என்பீர்கள். அந்தக் கதை எனக்கும் தெரியும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது, நேயர்களிடம் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்த ஒரு வானொலியில் 'பணம் கொடுங்கள், ஸ்டெயர்வேயைப் போடவே மாட்டோம்' என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் போன் போட்டு நன்கொடை கொடுத்துவிட்டார். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் மிச்சத்தை விட்டுவிடுகிறீர்கள். பாட்டு பிடிக்காமல் இல்லை, ஏற்கெனவே கேட்டாயிற்று, அவ்வளவுதான் என்பதே அவர் சொன்ன காரணம். அதையேதான் நானும் சொல்கிறேன்.

அப்புறம் 2012 டிசம்பரில் வாஷிங்டனில் லெட் செப்பலினைக் கௌரவித்த கென்னடி சென்டர் விழா. பேஜ், பிளான்ட், ஜோன்ஸ் மூவரும் மேலே மாடத்தில், கீழே மேடையில் ஹார்ட் குழுவின் ஆன் வில்சன் பாட, தங்கை நான்சி கிட்டார் வாசிக்க, டிரம்ஸில் ஜேசன் பான்ஹம். அப்பா ஜான் பான்ஹம் 1980-லேயே போய்விட்டார். பாட்டு ஏற ஏறப் பின்னாலிருந்து ஒரு பெரிய சேர்ந்திசைக் குழு வெளிப்படுகிறது, தலையில் ஜான் பான்ஹம் போட்டுக்கொள்கிற மாதிரியான வட்டத் தொப்பிகளோடு. கேமரா மேலே போகும்போது பிளான்டின் கண் கலங்கியிருக்கிறது. நன்கொடை கொடுத்துத் தடுத்து நிறுத்திய அதே பாட்டுதான் ஐயா. வேறு ஆட்கள், வேறு மேடை, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே ஒன்றுமில்லாத பாட்டு என்றால் நாற்பது வருடம் கழித்து அதைப் பாடியவரையே இப்படிப் பிடித்து உலுக்குமா?

பட்டியல் போடுகிற பெரிய மனிதர்களும் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒன்றும் உசத்தி இல்லை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 சிறந்த பாடல்கள் பட்டியலில் 2004-ல் ஸ்டெயர்வேக்கு 31-ம் இடம், 2021-ல் 61. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' 2-ல் இருந்து 31-க்கு இறங்கியது. குவீனின் 'பொஹீமியன் ராப்சடி' நூறுக்கு வெளியே எங்கேயோ கிடந்தது, ஒரே தாவாக 17-க்கு வந்துவிட்டது. ஒலிநாடாவில் ஒரு நொடிகூட யாரும் மாற்றவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள், காலம் மாறியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஓட்டு என்றால் அப்படித்தான். ஆனால் அந்த எண்ணைப் பாட்டின் நெற்றியில் எழுதிய விதி மாதிரி தூக்கிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

சலிப்பின் பேரைச் சொல்லி இன்னொரு காரியமும் நடக்கிறது. ஸ்டெயர்வேக்கு ஆறு போட்ட அதே கை, அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'வென் தி லெவி பிரேக்ஸ்'க்குக் கண்ணை மூடிக்கொண்டு பத்து போடுகிறது. எனக்கும் உயிரான பாட்டுதான் அது. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பாடியதை எடுத்துக்கொண்டு, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்துக்கு அடியில் பான்ஹமை உட்கார வைத்து, மைக்குகளை மேலே மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்த அந்த டிரம்ஸ் சத்தத்துக்கே தனியாக மார்க் போடலாம். ஆனால் நீங்கள் எழுதுகிற காரணம் அது இல்லையே! 'இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்' என்பதுதான் காரணமாக வருகிறது. நாலு பேருக்குத் தெரியாத பாட்டு நமக்குத் தெரியும் என்ற பந்தாவுக்கு மூன்று மார்க். நாளைக்கே ஒரு விளம்பரக்காரர் இதை எடுத்து டிவியில் ஒரு வருடம் ஓட்டினால், அந்த மூன்றும் போய்விடும்.

டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' கதை இன்னும் பரிதாபம். கிட்டார் கையில் எடுத்த ஒவ்வொரு பையனும் முதலில் வாசிக்கிற ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு), ஆகவே குழந்தைப் பாட்டு, ஆகவே ஐந்து மார்க் என்று ஒரு தர்க்கம். அந்தப் பையன்களில் பெரும்பாலோர் அதைத் தப்பாகத்தான் வாசிக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் அதை பிக் என்கிற சின்னத் தகட்டை வைத்து இழுக்கவில்லை, இரண்டு தந்திகளை விரலால் ஒரே நேரத்தில் சுண்டுகிறார், அதனால்தான் இரண்டு சுரமும் ஒட்டிக்கொண்டு விழுகின்றன. தனியாகக் கிட்டார், அடுத்த சுற்றில் டிரம்ஸின் ஜோடித் தட்டான ஹை-ஹாட், அப்புறம் ஜான் லார்டின் ஆர்கன் கிட்டார் மாதிரியே உறுமிக்கொண்டு அதே ரிஃபின்மேல் ஏறிக்கொள்கிறது, பிறகு முழு டிரம்ஸ், கடைசியாகத்தான் பேஸ். 1971 டிசம்பரில் ஜெனீவா ஏரிக்கரையில் மான்ட்ரூ கேசினோ எரிந்ததை நேரில் பார்த்தவர்கள் எழுதியது, புகை ஏரித் தண்ணீர்மேல் படர்ந்தது நிஜமாக நடந்தது. நமக்குச் சலித்துப்போனது பிளாக்மோர் வாசித்தது அல்ல, பக்கத்து வீட்டுப் பையன் வாசித்தது. அவனுக்குப் போடுங்கள் ஐந்து.

எந்தப் பதிப்புக்கு மார்க் என்று சொல்லாமல் அடித்துக்கொள்வது தனி ரகம். 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வுக்கு ஒருவர் பத்து போடுகிறார், இன்னொருவர் ஏழு போடுகிறார், இரவு முழுக்கச் சண்டை. விடிகிற நேரத்தில்தான் தெரிகிறது, முதலாமவர் பேசிக்கொண்டிருந்தது 1994-ல் ஈகிள்ஸ் மறுபடி ஒன்று சேர்ந்தபோது அக்கூஸ்டிக் கிட்டார்களோடு வாசித்தது, மற்றவர் பேசியது 1976 ஆல்பத்தில் இருப்பது என்று. இரண்டும் ஒன்றா? ஆல்பத்தில் கடைசி இரண்டு நிமிடமும் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறிப் பேசி, முடிவில் ஒரே குரலாக இறங்குகிற அந்த எலெக்ட்ரிக் கிட்டார்கள்தான் பாட்டின் உயிர். மயாமி ஸ்டூடியோவில் ஃபெல்டர் புதிதாக எதையோ வாசிக்கப் போக, பாட்டைப் பாடிய டான் ஹென்லி நிறுத்தி, டெமோவில், அதாவது முதலில் போட்டுக்காட்டிய மாதிரிப் பதிவில், இருந்ததுதான் வேண்டும், அப்படியே வாசி என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். டெமோ கேசட்டோ கலிஃபோர்னியாவில், ஃபெல்டர் வீட்டில். வீட்டு வேலை பார்த்த பெண்மணிக்குப் போன் போட்டு, கேசட்டை ஓடவிட்டு ரிசீவரை அதன் பக்கத்தில் வைக்கச் சொல்லி, தான் வாசித்ததைத் தானே போனில் கேட்டுக் கற்றுக்கொண்டு வாசித்தாராம், அவரே சொன்னது. அதைக் கேட்காமல் 'கிட்டார் ஒன்றும் பிரமாதமில்லை' என்று எழுதுகிறவர்களிடம் என்னத்தைச் சொல்வது. டோர்ஸின் 'லைட் மை ஃபயர்' விஷயமும் இதேதான், ஆல்பத்தில் ஏழு நிமிடம், வானொலிக்காகச் சோலோக்களை வெட்டியெறிந்த சிங்கிள் மூன்று நிமிடம்கூட வராது.

பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' பற்றி எழுத ஆரம்பித்தால் நீங்கள் வாட்டர்ஸ் கட்சி, கில்மர் கட்சி என்று பிரிந்துவிடுவீர்கள், நம்மூர் ராஜா-ரஹ்மான் சண்டை மாதிரி அது முடியாது, அதனால் வேண்டாம். வரிகள் வாட்டர்ஸ், இசை பெரும்பாலும் கில்மர், இரண்டு பேரும் பாடியிருக்கிறார்கள். ஆளுக்குப் போடாமல் பாட்டுக்குப் போடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

'சலிப்பும் ரசனையில் சேர்ந்ததுதானே, அதை மட்டும் ஏன் கழிக்கச் சொல்கிறாய்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஐந்தாவது தடவையிலேயே சலித்த பாட்டு என்றால் தாராளமாகக் குறையுங்கள், அது பாட்டின் கோளாறு. ஐந்நூறாவது தடவையில் சலித்தது என்றால், நானூற்றுச் சொச்சம் தடவை உங்களை உட்கார வைத்த பாட்டுக்கா ஆறு மார்க்? அதுவும் முக்கால்வாசிப் பேர் மார்க் போடும் அன்றைக்கு அதைக் கேட்பதே இல்லை. ஞாபகத்தில் இருப்பதற்குப் போடுகிறோம், ஞாபகத்தில் இருப்பதோ முதல் முப்பது நொடியும் கோரஸும் மட்டும்.

ஆகவே இரண்டே வேண்டுகோள். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாக, நல்ல ஹெட்ஃபோனில், நடுவில் போனை நோண்டாமல் கேளுங்கள். எந்தப் பதிப்பு, எந்த இடத்துக்காக ஏற்றினீர்கள், எந்த இடத்துக்காக இறக்கினீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். சலித்துவிட்டது என்றால் அதையும் எழுதுங்கள், தனி வரியாக, எண்ணில் கலக்காமல்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெயர்வேக்கு ஒன்பது, குறைந்த ஒன்று அந்தப் பிற்பாதி வரிகளுக்கு. ஹோட்டல் கலிஃபோர்னியா 1976-க்கு ஒன்பதரை, 1994-க்கு எட்டு. ஸ்மோக் ஆன் தி வாட்டருக்கு எட்டு, பக்கத்து வீட்டுப் பையனைக் கணக்கில் எடுக்காமல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லின்னர்ட் ஸ்கினர்டின் 'ஃப்ரீ பேர்ட்' என்று பேசி வைத்திருக்கிறீர்கள். அதில் 1973 ஆல்பமா, 1976-ல் அட்லாண்டாவில் மேடையில் வாசித்த அந்த நீளமான பதிப்பா என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு ஆரம்பியுங்கள். நான் அட்லாண்டா கட்சி.

இப்படிக்கு,
உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் ஒருவன்