செவலையின் முதல் சந்தை

அம்மாடி,

அடுத்த மாதச் சந்தையில் நடக்கிற பாரம் இழுக்கும் போட்டியில் உன் பெல்ஜியன் குதிரை செவலையை விடப்போவதாக நீ போனில் சொன்னதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போகாதே என்று சொல்லமாட்டேன். பணப்பந்தயம் இல்லை, புதுக் குதிரைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு என்கிறாய். அப்படிப்பட்ட இடம்தான் முதல் தடவைக்குச் சரி. ஆனால் பெல்ஜியன் குதிரையின் உடம்பைப் பார்த்து ஏமாந்துவிடாதே. 3 வயதிலேயே ஆள் மலை மாதிரி நிற்பான். எலும்பு அவ்வளவு வேகமாக முற்றாது. கால் எலும்புகளின் வளர்ச்சி முன்னமே நின்றுவிடும். முதுகெலும்பு முற்றுவதற்கு ஐந்தரை வயதாவது ஆகும். செவலைக்கு இப்போதுதான் 4. பின்னங்கால் உதைத்து எழுப்புகிற விசையெல்லாம் அந்த முதுகு வழியாகத்தான் முன்னால் போகிறது.

"ஒரு குதிரைக்கு ஒரு குதிரைத்திறன்தானே அப்பா?" என்று சின்ன வயதில் கேட்டாயே, நினைவிருக்கிறதா? நாள் முழுக்க வேலை செய்கிற குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு இழுக்கும் என்பது பழைய கணக்கு. அது கிட்டத்தட்ட நீ சொன்ன ஒரு குதிரைத்திறன்தான். சில நொடிகளுக்கு மட்டும் என்றால் கதையே வேறு. 1925-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலச் சந்தையில் நடந்த இழுப்புப் போட்டிகளின் அளவுகளை வைத்து, 1993-இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரு குதிரை உச்சத்தில் ஏறக்குறைய 15 குதிரைத்திறன் தருகிறது என்று வந்தது. செவலைக்குள்ளும் அந்த வலு இருக்கிறது. அதைத் தாங்கும் எலும்புதான் இன்னும் வரவில்லை. எனக்குப் பயம் அதனால்தான்.

இன்னொரு பயமும் உண்டு. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

நீ பிறப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை இருந்தது. பெர்ஷரான் வகை, அதுவும் பாரம் இழுக்கிற இனம்தான். 5 வயது. முதல் பாரத்தை விளையாட்டுப் போல இழுத்தாள். இரண்டாவதையும் இழுத்தாள். சுற்றிலும் ஒரே கைதட்டல். மூன்றாவது அவளுக்கு அதிகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பூட்டினேன். பாரம் ஏற்றி இழுக்கிற சறுக்குப்பலகை அசையவில்லை. கத்தினேன், வாரால் முதுகில் தட்டினேன். மூன்று முறை தோளைக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் முறைக்கு அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் வெறும் வண்டியில் பூட்டினேன், நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. சண்டிக்குதிரை என்று ஊரே பேசியது. அவளைச் சண்டியாக்கியது யார் என்று எனக்குத் தெரியும். தன்னால் ஆகாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். காலிப் பலகையிலிருந்து ஆரம்பித்து அதை மறக்கடிக்க இரண்டு வருஷம் ஆனது.

அதனால் செவலைக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவன் நிச்சயம் இழுப்பான் என்று உனக்குத் தெரிந்த பாரத்தோடு நின்றுகொள். இரண்டு சுற்று, போதும். மூன்றாவதையும் இழுத்துவிடுவான் போலத் தோன்றும். தோன்றும்போதே கொக்கியைக் கழற்றிவிட்டு வெளியே வா. நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வை, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

உன் மூத்த பெட்டைக்குதிரை பெரியவளோடு அவனை ஜோடி சேர்ப்பது நல்ல யோசனை. அவள் எதற்கும் பதறமாட்டாள். வீட்டில் பழக்கும்போது, இருவருக்கும் பின்னால் குறுக்கே கிடக்கிற கட்டையைப் பாரத்தோடு இணைக்கிற நடு ஊசியைப் பெரியவள் பக்கமாக 2 அங்குலம் தள்ளிப் போடு. 40 அங்குலக் கட்டை என்றால் செவலையின் பங்கு நூற்றுக்கு 45 ஆகிவிடும். மீதி அவளுடையது. சந்தையில் இதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்.

அந்தக் கட்டையில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஒருவன் முந்திப் பாய்ந்தால் கட்டை சீசா பலகை மாதிரி திரும்பி மற்றவனைப் பின்னுக்கு இழுக்கும். அவன் தடுமாறி எழுந்து பாய்வதற்குள் முதல்வன் ஓய்ந்திருப்பான். கடைசிவரை இருவரும் சேர்ந்து இழுக்கவே மாட்டார்கள். சந்தையில் தோற்கிற ஜோடிகளில் முக்கால்வாசி வலு இல்லாமல் தோற்பதில்லை, இப்படித்தான் தோற்கின்றன என்பது நான் பார்த்த வரையில் என் எண்ணம். பாய்ச்சல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கொக்கி மாட்டுகிற சத்தத்திலிருந்து. "டணங்" என்று கேட்டதுமே பாரம் வரும் என்று குதிரை படித்துக்கொள்கிறது. பெரிய போட்டிகளில் கொக்கி மாட்டுகிற ஆளின் கைவிரலுக்கே ஆபத்து அதனால்தான். செவலை அதைப் படிக்கவே கூடாது. தினமும் கொக்கியை மாட்டு, ஒரு நிமிஷம் சும்மா நில், கழற்று. பத்து முறை மாட்டினால் இரண்டு முறைதான் இழுக்க வேண்டும். நீ குரல் கொடுத்த பிறகே தோளைச் சாய்த்து, வார் இறுகி, அப்புறம் கால் எடுக்க வேண்டும். நிற்கத் தெரிந்தவனை இழுக்க வைப்பது சுலபம்.

கிளப்புவதற்குத்தான் விசை அதிகம் வேண்டும், நகர்ந்துவிட்டால் பலகை இளகிவிடும். இதுவும் உனக்குத் தெரிந்ததுதான்.

சந்தைக்கு முன்னால் ஒரு நாள் அவனை வெறுமனே கூட்டிக்கொண்டு போ. சேணம் வேண்டாம். ஒலிபெருக்கி, பலூன், குறுக்கே ஓடுகிற குழந்தைகள் எல்லாவற்றையும் நின்று பார்க்கட்டும். லாரியில் ஏறி இறங்குவதும் பழக்கமாகும்.

தீனி விஷயம்: ஓய்வு நாளில் தானியத்தைக் குறைத்துவிடு. வேலை இல்லாமல் முழுத் தீனி தின்றுவிட்டு மறுநாள் இழுத்தால் பின்தொடைச் சதை கல்லாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பெல்ஜியன், பெர்ஷரான் இரண்டுக்குமே பிறவியிலேயே அந்தத் தசைக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். மரபணுச் சோதனை இருக்கிறது, மருத்துவரிடம் கேள்.

என் பழைய கழுத்து வளையத்தை அனுப்பியிருக்கிறேன், 24 அங்குலம். மாட்டிப் பார். கீழே மூச்சுக்குழாய்க்கும் வளையத்துக்கும் நடுவில் உன் உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். வேலை ஏற ஏறக் கழுத்துக் கொழுப்பு கரைந்து வளையம் தொளதொளக்கும், அதனால் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள். கழற்றியதும் தோளில் வேர்வையைத் தடவிப் பார். நனைந்த இடத்தின் நடுவே காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். உடனே வேறு வளையம் தேடு, என்னுடையது என்பதற்காகப் போட்டுக்கொண்டிருக்காதே.

போட்டி முடிந்ததும் எவ்வளவு பாரம் இழுத்தான் என்று சொல்ல அவசரப்பட்டு போன் பண்ண வேண்டாம். ஒரு நாள் ஓய்வு கொடு. மறுநாள் காலையில் சேணத்தோடு லாயத்துக்குப் போ. தானாகத் தலையை நீட்டுகிறானா, மூலைக்கு நகர்கிறானா என்று பார்த்துவிட்டு அதைச் சொல்.

அன்புடன்,
அப்பா