தியேகோ செரா சாமிக்கு ஒரு கடிதம்

தோத்திரம் சாமி.

பிலிப்பைன்ஸில் நீங்கள் மூங்கிலால் செய்த ஆர்கன் இன்னும் பாடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் பங்குச்சாமியாராக இருந்த லாஸ் பின்யாஸ் இன்று மணிலாவோடு ஒட்டிப்போன ஒரு நகரம். கோயில் மட்டும் அதே சூசையப்பர் கோயில். மூங்கில் ஆர்கனைப் பார்க்கவென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் பலர் அதை ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் பார்க்கிறார்கள், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. காசில்லாத சாமியார் கைக்குக் கிடைத்த மூங்கிலை வைத்து ஒப்பேற்றினார் என்ற தொனியில் எழுதுகிறார்கள். சிக்கனமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் காற்று புகுந்து ஒலி எழுப்பும் மொத்தம் 1,031 குழாய்களில் 902 மூங்கில், 129 உலோகம். முன்பக்கம் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எக்காளக் குழாய்களை உலோகத்தில்தான் செய்தீர்கள். அந்தக் கணீர் ஒலி மூங்கிலில் வராது. எது எதற்கு ஆகும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது.

1816-ல் மூங்கிலை வெட்டி, உடனே அறுக்காமல் கடற்கரை மணலில் புதைத்து வைத்தீர்கள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துதான் பூச்சிக்குத் தீனி. அது போன பிறகு மணலுக்குள் தாக்குப்பிடித்த மூங்கிலை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். எக்காளங்களும் பொருத்தி எல்லாம் முடிய 1824 ஆகிவிட்டது. எட்டு வருடம்! அந்தப் பொறுமைதான் இருநூறு வருடம் தாங்கியிருக்கிறது. ஜெர்மனியின் பாசாவு கதீட்ரல் ஆர்கனில் 17,000-க்கும் மேல் குழாய்கள். உங்களுடையது அதன் முன்னால் பொடிசு. ஆனாலும் ஒரே கட்டைவரிசையை நடுவில் பிரித்து, இடக்கைக்கு ஒரு குரலும் வலக்கைக்கு வேறு குரலும் வருகிற மாதிரி ஸ்பானிய முறையில் அமைத்தீர்கள். தண்ணீரில் குமிழியிட்டுப் பறவை போலக் கூவும் குழாய்கள் வேறு. அதை ஒலிப்பதிவில் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வந்துவிடும். பூசை நடுவில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்திருப்பார்களே, சாமி?

நீங்கள் 1832-ல் போய்ச் சேர்ந்த பிறகு அதற்கு நல்ல காலமில்லை. நிலநடுக்கம், புயல். 1880-களில் கோயில் கூரை சேதமாகி மழை உள்ளே வந்தது. குழாய்களைக் கழற்றி, பூசைப் பொருட்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையில் போட்டுவைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொஞ்சம் சரிசெய்தார்கள், முழுக்கத் தேறவில்லை.

கடைசியில் 1973-ல் பழுதுபார்க்க அதை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பான் நகரில் கிளைஸ் என்ற ஆர்கன் பட்டறை. ஐரோப்பியக் குளிரின் வறட்சியில் மூங்கில் வெடித்துவிடும் என்பதால், லாஸ் பின்யாஸின் வெக்கையும் ஈரமும் இருக்கிற மாதிரி ஒரு தனி அறையே தயார் செய்தார்கள். உங்கள் ஊர்ப் புழுக்கத்தைச் செலவு செய்து உண்டாக்கியிருக்கிறார்கள், பாருங்கள்! அது இல்லாத நேரத்தில் கோயிலையும் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார் பிரான்சிஸ்கோ மன்யோசா என்ற கட்டடக் கலைஞர். 1975 மார்ச்சில் ஆர்கன் வீடு திரும்பியது. மே 9-ஆம் தேதி முதல் கச்சேரி. வாசித்தவர் டிரியர் கதீட்ரலின் ஆர்கன் கலைஞர் வோல்ஃப்காங் ஓம்ஸ்.

அதற்கப்புறம் வருடாவருடம் பிப்ரவரி வாக்கில் அதற்கென்றே ஒரு இசை விழா நடக்கிறது. 2003-ல் நாட்டின் பண்பாட்டுப் பொக்கிஷம் என்று அறிவித்தார்கள். பட்டம் நல்லதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அது பூசைக்கும் கச்சேரிக்கும் ஓயாமல் வாசிக்கப்படுவது. காற்றே போகாமல் சும்மா கிடக்கும் ஆர்கனில் எது கெட்டுப்போனது என்று யாருக்குத் தெரியும்? தினம் வாசித்தால் ஒரு குழாய் ஊமையானாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். லாஸ் பின்யாஸிலேயே உங்கள் பெயரில் ஒரு ஆர்கன் பட்டறை இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்த பிலிப்பினோக்கள் நடத்துகிறார்கள். இனிப் பழுது என்றால் ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டியதில்லை, ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆர்கனைப் பதிவில் மட்டுமே கேட்டிருக்கும் ஒரு ரசிகன்