ஏசாயா 42:14-ஐயும் வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுளைத் 'தாயே' என்று அழைப்பது இந்தக் காலத்துப் பெண்கள் கொண்டுவந்த புதுப்பழக்கம் என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் 31 வருடம் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தவள். அவருக்கு ஒரு வசனத்தைக் காட்ட ஆசைப்படுகிறேன்.

வேதாகமத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம், 42-ஆம் அதிகாரம். 13-ஆம் வசனத்தில் கடவுள் போர்வீரனைப்போலப் புறப்படுகிறார். அதை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அடுத்த வசனத்தை யாரும் தொட்டு நான் கேட்டதே இல்லை. வெகுகாலம் மௌனமாக அடக்கிக்கொண்டிருந்தேன், இனி பிள்ளை பெறுகிறவளைப்போலக் கத்துவேன், மூச்சுவாங்குவேன் என்று கடவுளே சொல்லும் வசனம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடந்தவள் திடீரென்று வாய்விட்டுக் கத்தினால், நேரம் நெருங்கிவிட்டது என்று கையுறையை எடுப்போம். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்ட யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும்.

உபாகமம் 32:18-இல் 'உன்னைப் பெற்ற தேவனை மறந்தாய்' என்று இருக்கிறது. தமிழில் 'பெற்ற' என்பது அப்பாவுக்கும் பொருந்திவிடுவதால் நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் வலியில் துடித்துப் பெறுவதைக் குறிக்கும். அப்புறம், இரக்கத்துக்கு அந்த மொழியில் 'ரஹமீம்' என்பார்கள், கருப்பைக்கு 'ரெஹெம்'. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

ஆவியைக் குறிக்கும் 'ரூஆஹ்' எபிரேயத்தில் பெரும்பாலும் பெண்பால். பழைய சிரியாக் மொழிக் கிறிஸ்தவர்கள் ஆவியானவரை 'அவள்' என்றே எழுதினார்கள். கிரேக்கத்துக்குப் போனதும் அந்தச் சொல் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்றானது, லத்தீனில் ஆண்பாலானது. நம் 'அவர்' இரண்டு பேருக்கும் பொதுவான சொல். அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இயேசு எருசலேமைப் பார்த்து அழைத்தபோது, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழியாகத்தானே தம்மைச் சொன்னார்? 33 நாள் மட்டுமே போப்பாக இருந்த முதலாம் யோவான் பவுல், 1978 செப்டம்பர் 10 அன்று, கடவுள் நமக்குத் தந்தை, அதைவிடவும் தாய் என்றார். அவரும் ஏசாயாவை நினைத்துத்தான் பேசினார்.

'பிதாவே' என்று சொல்லக் கூடாது என்பது என் வாதமில்லை. நானும் தினமும் சொல்கிறேன். ஆனால் ஒருமுறை, குழந்தை இறந்து பிறந்த ஒரு தாய்க்காக 'எங்களைப் பெற்ற தாயே' என்று ஜெபித்தேன். அதற்காக ஒரு போதகர் எல்லார் முன்னாலும் என்னைக் கண்டித்தார். அன்று பதில் சொல்ல எனக்கு வசனம் தெரியவில்லை. அந்தப் பெண் மட்டும் என் கையை விடவே இல்லை.

உங்கள் வாசகர் வீட்டிலும் வேதாகமம் இருக்கும். 13-ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் அடுத்ததையும் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரசவ வார்டு செவிலி