முதலில் தண்ணீர், மீன் அப்புறம்

அன்புள்ள மகளுக்கு,

கடல்நீர்த் தொட்டி வைக்கப் போவதாக எழுதி, கூடவே ஏழு மீன்களின் படத்தையும் அனுப்பியிருக்கிறாய். அதில் ஐந்தை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடு. ஏனென்று அப்புறம் சொல்கிறேன். மீன் வாங்க இன்னும் நாள் இருக்கிறது.

நீ பார்த்து வைத்திருக்கும் 20 லிட்டர் தொட்டி வேண்டாம். சின்னது என்றால் வேலை குறைவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் எல்லாமே சட்டென்று மாறும். ஒரு நத்தை செத்துக் கிடந்தாலே தொட்டி முழுக்கக் கெட்டுவிடும். இடம் இருந்தால் 100 லிட்டருக்குப் போ. தண்ணீர் மட்டுமே 100 கிலோ, பாறையும் மணலும் தனி. அதனால் மேசை மேல் வைக்காதே, அதற்கென்று செய்த ஸ்டாண்ட் வாங்கு.

குழாய்த் தண்ணீரில் குளோரினும் தாமிரமும் இருக்கலாம். ஆர்ஓ தண்ணீர்தான் சரி. உப்பு என்றால் சமையல் உப்பு அல்ல. மீன்தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பில்தான் கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்திருக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 38 கிராம் ஆகும். வாளித் தண்ணீரில் உப்பைப் போட்டு, சின்ன பம்ப் ஒன்றை உள்ளே ஓடவிட்டு, ஓர் இரவு விட்டுவிடு. காலையில் அளந்து பார். அடர்த்தி 1.025, சூடு 25 அல்லது 26 டிகிரி. அடர்த்தி அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியை வாங்கு. ஊசி ஆடும் பிளாஸ்டிக் கருவியை நான் நம்புவதில்லை, ஊசியில் ஒரு குமிழி ஒட்டினாலே அது பொய் சொல்லும்.

பாறையை மணல் மேல் வைக்காதே. முதலில் பாறை அடிக்கண்ணாடியில் உட்காரட்டும், மணலை அதைச் சுற்றிக் கொட்டு. மணலைத் தோண்டும் மீன்கள் உண்டு. அடியில் மணல் போனால் பாறை சரிந்து கண்ணாடியில் மோதும்.

இதெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உனக்குச் சிரமம், ஏனென்றால் சும்மா இருக்க வேண்டும். மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடு. அது அழுகி அம்மோனியா ஆகும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பாறையில் மெல்லக் குடியேறி அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை பாக்டீரியா வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். டெஸ்ட் கிட்டில் பார்த்தால் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் மீன். பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நடுவில் மணலெல்லாம் பழுப்புப் படிந்து அசிங்கமாகும். டயாட்டம் பாசி அது, தானாகவே போய்விடும், மருந்தெல்லாம் ஊற்றாதே.

அந்த நாட்களிலேயே ஒன்றைப் பழகிக்கொள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு டேப் ஒட்டி, மட்டம் அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் வெறும் ஆர்ஓ தண்ணீரை ஊற்று. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை மாற்றும்போது மட்டும் உப்புக் கரைத்த தண்ணீர்.

சரி, மீனுக்கு வருவோம். நீலநிற டேங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும், நாள் முழுக்க நீந்தும் ஜீவன், உன் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. மாண்டரின் மீன் அழகுதான், ஆனால் பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களையே பொறுக்கித் தின்னும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும். மூன்று டாம்செல் மீன்களும் போக்கிரிகள். மீதி இரண்டும், அதாவது கோமாளி மீனும் கோபி மீனும், நல்ல தேர்வு. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடி ஒன்று, ஒரு கோபி, இரண்டு இறால், சில நத்தைகள் போதும். கோமாளிக்குக் கடல் சாமந்தி (பூப்போல இருக்கும் அனிமோன் என்ற கடலுயிர்) வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதே. அது இல்லாமலே நன்றாக இருக்கும்.

கோமாளிகள் எல்லாமே ஆணாகத்தான் வளரும், ஜோடியில் வலியது பெண்ணாகிவிடும். சின்னது அதன் பக்கத்தில் போய்ச் சற்றுச் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று நடுக்கும். நோய் என்று பதறாதே, அது பணிவு காட்டுகிறது.

புது மீனை நேராகத் தொட்டியில் விடாதே. தனித் தொட்டியில் ஒரு மாதமாவது வைத்துப் பார். வெண்புள்ளி நோய் வந்தால் அங்கேயே வைத்தியம் செய்யலாம். பெரிய தொட்டியில் தாமிர மருந்து விட்டால் இறாலும் நத்தையும் போய்விடும்.

பிளக்குக்குப் போகும் ஒயர் ஒவ்வொன்றும் பிளக்கை விடத் தாழத் தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அம்மோனியா எண்களைத் தேதி போட்டு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கடைப் பக்கம் போகாதே, போனால் கையில் பையோடுதான் வருவாய்.

அன்புடன்,
அப்பா