கிட்டார் ஆம்ப்பின் எர்த் பின்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டு விழா ஒத்திகை தொடங்கப்போகிறது. கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளில் பலர் இப்போது சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இன்றைக்கே அந்த ஆம்ப்பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். எர்த் பின், அதாவது மற்ற இரண்டையும் விடத் தடித்து நீண்ட மூன்றாவது பின், இருக்கிறதா?

இசை அறையில் ஒரு மாணவரின் ஆம்ப்பைச் சோதித்தபோது அந்தப் பின் இல்லை. கட்டிங் பிளேயரால் நறுக்கிய தடம் பளபளவென்று தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "எர்த் இருந்தா ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு இரைச்சல் வருது சார், எடுத்துட்டா நின்னுடுது" என்றார். ஷாக் அடிக்கவில்லையா என்றேன். "மைக்ல வாய் பட்டா லேசா சுர்ருங்கும். பழகிடுச்சு சார்." இப்படிப் பழகிப்போன பிள்ளைகள் இன்னும் இருப்பார்களோ என்ற கவலைதான் இந்தக் கடிதம்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் உலோகக் கம்பிகள் வெறும் கம்பிகள் அல்ல. இரைச்சலைக் குறைப்பதற்காக, அவை மாட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற உலோகப் பகுதியிலிருந்து ஒரு சிறு வயர் உள்ளே போகும். அந்த இணைப்பு கேபிளின் ஷீல்டு, அதாவது உள்வயரைச் சுற்றியுள்ள உலோக உறை வழியாக ஆம்ப்பின் உலோகச் சட்டத்துக்கும், அங்கிருந்து எர்த் பின் வழியாகச் சுவரில் உள்ள எர்த் வயருக்கும் போய்ச் சேருகிறது. ஆக, கம்பியைத் தொடும் பிள்ளை ஆம்ப்பின் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு வயர் உரிந்து சட்டத்தில் பட்டாலும், எர்த் சரியாக இருந்தால் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லையென்றால் ஃபியூஸ் போகாது. கம்பிகளில் மின்சாரம் அப்படியே நிற்கும். மைக்கில் உதடு பட்டவுடன் கையிலிருந்து வாய்க்கு, மார்பைக் கடந்து பாயும். கோளாறு மைக் பக்கம் இருந்தாலும் இதே ஆபத்துதான். அதனால் கிட்டார் ஆம்ப்பை மட்டும் பார்த்தால் போதாது, மைக் செருகும் மிக்ஸரையும் (ஒலிகளைக் கலக்கும் கருவி) பார்க்க வேண்டும்.

பெரிய கலைஞர்களுக்கே இது நடந்திருக்கிறது. 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-இல் தம் வீட்டிலேயே, எர்த் இல்லாத கிட்டாரை வாசிக்கும்போது இறந்தார்.

உடலில் 10 மில்லியாம்பியர் அளவுக்குப் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். கிட்டாரின் கழுத்தைப் பற்றியிருக்கும் கை இன்னும் இறுகப் பற்றும். 30 மில்லியாம்பியரைத் தாண்டி மார்பு வழியே ஓடினால் இதயத் துடிப்பே குலையலாம். அதனால்தான் வீடுகளுக்கு 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் மட்டும்தான். பிளக்கில் பின் இருந்தும் சுவர் சாக்கெட்டின் பின்னால் எர்த் வயரே இல்லாத வீடுகளும் உண்டு. அதையும் அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள்.

இரைச்சல் பிள்ளைகளுக்கு உண்மையான தொல்லைதான், மறுக்கவில்லை. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆம்ப்பும் மிக்ஸரும் வெவ்வேறு சாக்கெட்டில் இருப்பதால் வரும் இரைச்சல் அது. இரண்டையும் எர்த் உள்ள ஒரே பவர் போர்டில் செருகினால் அடங்கிவிடும். நல்ல கேபிள் வாங்குங்கள். டிம்மர் விளக்கு, அடாப்டர் பக்கத்திலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தொட்டதும் சுர்ரென்றால் மட்டும் அது லேசாக இருந்தாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. வேறு எதையும் தொடாமல் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். அப்படி வரும் பிள்ளையைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை என்பதை மட்டும் நம்பி மறுபடி வாசிக்கவும் விடாதீர்கள்.

அடாப்டரில் ஓடும் சிறிய ஆம்ப்களுக்கு இரண்டு பின்னே இருக்கலாம். சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை அந்த அடாப்டரில் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. வால்வு ஆம்ப் (உள்ளே கண்ணாடி வால்வுகள் உள்ள வகை) வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைத் திறக்கவே கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். இரண்டு பின் மட்டும் உள்ள பழைய வால்வு ஆம்ப்பை மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று வயராக மாற்றிய பிறகே வாசிக்கலாம். ஈரக் கை, ஈரத் தரை, வெறுங்கால் இவை பற்றிப் பிள்ளைகளிடம் நானே பேசியிருக்கிறேன்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். உடனே அவசர உதவியை அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் அவர்கள் வரும்வரை மார்பை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

ஒத்திகைக்கு ஆம்ப் கொண்டுவரும் பிள்ளைகள் அதை முதலில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் பிளக், வயர், எர்த் மூன்றையும் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டிய பிறகே இசை அறைக்குப் போகும். தேறாத ஆம்ப்பின் குறையைத் தாளில் எழுதி உங்களிடம் தருவோம். அந்தப் பிள்ளைக்கு ஒத்திகையில் பள்ளி ஆம்ப் கொடுக்கப்படும். யாரும் மேடையை இழக்க மாட்டார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்