குடியாத்தத்திலிருந்து அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். எங்கள் சபை ஊழியத்தில் மாற்றல் உறுதியாகிவிட்டது, மாதக் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறோம். சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவின் தையல் மிஷினுக்காகத்தான் வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறோம். அதில் ஒரு வீட்டைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

ஆற்றோரத்தில் பீடி சுற்றும் அக்காவை நினைவிருக்கிறதா? நீ லீவுக்கு வந்தபோது வேர்க்கடலை அவித்துக் கொடுத்தாரே, அவர்தான். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்ததில் அவர்கள் வீட்டுப் பின்சுவர் விழுந்தது. அந்தப் பக்கம் இன்னும் தார்ப்பாய்தான். வீட்டுக்காரர் லுங்கித் தறியில் இருந்தவர், முதுகு போய் உட்கார்ந்துவிட்டார். அக்காவும் மகளும் சுற்றுகிற பீடியில்தான் அடுப்பு எரிகிறது. நம் பக்கம் முக்கூடலில் நீ பார்த்த அதே வேலை. இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் கணக்கு முடியும்வரை எழ முடியாது. இலை மட்டமாக வந்தாலும் குறைவது இவர்கள் கூலிதான்.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த சபை ஊழியர் ஒருவர், "விசுவாசி பீடி சுற்றலாமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வேறு வேலை வாங்கிக் கொடுக்க முடியாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

அந்த வீட்டில் விசுவாசத்தை விதைத்தது நாங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அக்காவின் பாட்டி கரிகிரி ஆஸ்பத்திரியில் தொழுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர். 1955இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. ஊரார் தொடப் பயந்த கையை அங்கே தொட்டு வைத்தியம் பார்த்தார்கள். பாட்டி திரும்பி வரும்போது கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இரண்டைக் கற்றுக்கொண்டு வந்தார். நாங்கள் முதல் தடவை போனபோது அக்கா அதில் ஒன்றைப் பாடிக்கொண்டே பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். ராகம் மட்டும் கெங்கையம்மன் திருவிழாப் பாட்டு மாதிரி இருந்தது. அம்மா திருத்தப் போனாள், நான்தான் விட்டுவிடச் சொன்னேன்.

உலை வைக்கும்போதெல்லாம் அக்கா ஒரு பிடி அரிசியை எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். சபைக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை நமக்குப் புதிதில்லை. ஆனால் நாம் மூட்டையிலிருந்து எடுத்துப் போடுகிறவர்கள். இங்கே ரேஷன் அரிசி, அதுவும் மாதக் கடைசியில் பானையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல், "இந்த மாசம் வேண்டாமே" என்றாள். "அது எங்க அரிசி இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு மூடியை இறுக்கி வைத்தார். அதற்கு மேல் பேச்சில்லை.

நேற்று அங்கே சொல்லிக்கொள்ளப் போனோம். ஜெபம் முடிந்து எழுந்ததும் அக்கா உன்னைத்தான் விசாரித்தார். பாளையங்கோட்டை விடுதியில் நீ இருந்த காலத்திலிருந்து, ராத்திரி முறத்தை ஓரம் வைத்ததும் அவர் ஜெபத்தில் உன் பெயர் வரும். உன் பத்தாம் வகுப்புப் பரீட்சை, உனக்கு வந்த டைபாய்டு, இப்போதைய நைட் ஷிப்ட், ஒன்றையும் விட்டதில்லை. "நாங்க போய்ட்டா பாப்பா சேதி உங்களுக்குத் தெரியாதே" என்று அம்மா சொன்னாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சேதி வரலன்னா பாப்பாவ விட்டுடுவேனா? இன்னாம்மா பேசறீங்க!"

நீ இப்போது கோயிலுக்குப் போவதில்லை என்று தெரியும். அதைப் பற்றி இதில் எழுத மாட்டேன், பயப்படாதே. ஊழியம் ஊழியம் என்று உன்னை விடுதியில் விட்டோம் என்ற வருத்தம் உனக்கு உண்டு, அதுவும் நியாயம்தான். அந்த வருஷங்களில் நீ தனியாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருப்பாய். தார்ப்பாய் வீட்டில் ஒருத்தர் உனக்காக முழங்கால் போட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்.

அவரிடம் ஒருதரம் பேசு. அவர் மகளின் போன் நம்பரை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். சாயங்காலம் கூப்பிடாதே, சுற்றிய பீடியை ஒப்படைக்கப் போயிருப்பார்கள். எட்டு மணிக்கு மேல் சரியாக இருக்கும். பணம் அனுப்பட்டுமா என்று கேட்டுவிடாதே, சங்கடப்படுவார். சுவருக்கு ஏதாவது செய்ய நினைத்தால் எனக்கு எழுது, சபைப் போதகர் மூலமாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், உன் காதுவலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அது சரியாகி எவ்வளவோ காலமாயிற்று என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ சொல்லிக் கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா